நாற்பத்தோரு மிக்சி

மின்சாரம் போகும் பாதையைப் படமாக வரையச் சொன்னால் ஒரு முனையில் மின்நிலையம், மறுமுனையில் 'லோடு' என்று எழுதிய ஒரு பெட்டி. உலகம் முழுக்க அப்படித்தான் வரைகிறார்கள். பாளையங்கோட்டைக்குத் தெற்கே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் மட்டும், மின்பொறியியல் இறுதியாண்டுப் பிள்ளைகள் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் மிக்சியை வரைந்து வைத்திருந்தார்கள். ஒருவர் இருவர் என்றால் குறும்பு என்று விட்டுவிடலாம். நாற்பத்தோரு பேர். ஜாடி, மூடி, திருகுகிற குமிழ் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு புண்ணியவான் உள்ளே சட்னியே அரைத்துக்கொண்டிருந்தான்.

விடைத்தாள் திருத்திய பேராசிரியர்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்குப் பக்கம்தான் கணக்கு. ஆறு பக்கம் எழுதி, நாலு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தால் மதிப்பெண் தானாக விழும். மிக்சியைக் கண்டுபிடித்தது ஊற்றுக்கண்.

ஊற்றுக்கண் என்பது பல்கலைக்கழகம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய மென்பொருள். ஒரு மாணவர் நான்கு வருஷமும் எழுதிய விடைகள் அத்தனையையும் படித்து, இந்தப் புரிதல் இவருடைய சொந்தமா, வேறு யாரிடமாவது வாங்கியதா என்று சொல்லிவிடும். காப்பியடித்தவனைப் பிடிக்க வந்த இயந்திரம் அல்ல அது. பக்கத்து அறை நண்பன் சொல்லிக்கொடுத்து நமக்கு ஒன்று புரிந்திருந்தால், அந்தப் புரிதலில் நண்பனுடைய கைவாகு கொஞ்சம் ஒட்டியிருக்கும் இல்லையா? அதைப் பிடிக்க வந்தது. அது வந்த பிறகு பட்டச் சான்றிதழில் முதல் வகுப்பு என்பதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் ஏறியது: சொந்தம், அல்லது இரவல்.

அந்த ஒரு சொல் செய்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஹாஸ்டலில் முதலாண்டுப் பிள்ளைகள், சீனியர் யாராவது பாடம் பற்றிப் பேச வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். சந்தேகம் கேட்பது அநாகரிகமாகிவிட்டது. நூலகத்தில் ஆளுக்கொரு மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு படித்தார்கள். வகுப்பில் ஆசிரியர் சொல்வது மட்டும் இரவலில் சேராது என்று விதி இருந்தது. ஆசிரியர்கள் சொல்லி யாருக்கும் எதுவும் புரிந்ததாக இயந்திரத்துக்குச் சான்று கிடைக்காததால், அந்த விதியால் ஒருவருக்கும் தொந்தரவு வரவில்லை.

இந்தப் பழக்கமெல்லாம் வருவதற்கு முன்பே சேர்ந்தவர்கள்தான் இறுதியாண்டுக்காரர்கள். மாட்டிக்கொண்டார்கள்.

செண்பகவல்லியை அறைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார் கோமதிநாயகம். கல்லூரியில் மாணவர்களுக்கு வேலை வாங்கித் தருகிற அதிகாரி அவர். சிரித்த முகம், எந்நேரமும் வியர்த்த நெற்றி.

"உக்காரும்மா. நீ மெஸ்ஸுல கிளாஸ் எடுப்பியாமே?"

"எடுப்பேன் சார். பரீட்சைக்கு முன்னால லீவு விடுவாங்கல்லா, அப்போ மத்தியானம் சாப்பிட்ட பெறவு. மொத வருசத்துல இருந்து எடுக்குதேன்."

"மிக்சி உன்னுதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னுதுதான் சார். லோடு லோடுன்னா யாருக்கும் மண்டையில ஏறல. 'உங்க வீட்டு மிக்சி ஓடல, எங்க இருந்து பாப்பீங்க? மிக்சியில இருந்துதானே? அப்படியே பின்னால போங்க, பிளக்கு, போஸ்ட்டு, டிரான்ஸ்பார்மர்'னு சொன்னேன். ஏறிருச்சு. அதுக்காகப் பரீட்சையிலயும் மிக்சியவே வரைவாங்கன்னு நான் கண்டனா?"

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாற்பத்தோரு கோடுகள் கிளம்பி ஓடின.

"நாலு வருசமா இந்தப் பிள்ளைங்க எழுதினது எல்லாம் ஒரே ஆள்கிட்ட இருந்து வந்திருக்குன்னு மெஷின் சொல்லுது. அந்த ஆள் நீதான்னு அதுக்குச் சந்தேகம். ஆனா சந்தேகத்துக்கு மதிப்பு கிடையாது. கொடுத்தவங்களே வந்து 'ஆமா, என்னுதுதான்'னு விரல் வைக்கணும்."

"வச்சா?"

"அவங்க நாற்பத்தோரு பேரும் முதல் வகுப்பு இரவல். அவங்களுக்குக் குறையுறது உன் கணக்குல ஏறும். நீ இரண்டாம் வகுப்புல இருந்து முதல் வகுப்பு சொந்தத்துக்குப் போயிருவ. அரியர் வச்சதெல்லாம் கழிஞ்சு போகும்."

"வைக்கலன்னா?"

"ஊற்று தெரியலன்னு மூடிருவாங்க. அவங்களுக்குச் சும்மா முதல் வகுப்பு, சொந்தமும் இல்ல, இரவலும் இல்ல. நீ இப்ப இருக்கிறபடியே இருப்ப." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சம்பளம் எப்படின்னு உனக்கே தெரியும். சொந்தத்துக்கு முழுசு. சும்மா முதல் வகுப்புக்கு முக்கால். இரவலுக்குப் பாதி. இரண்டாம் வகுப்புக்கு..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. இரண்டாம் வகுப்பை எந்தக் கம்பெனியும் நேர்முகத்துக்கே கூப்பிடாது. வளாகத்துக்குக் கம்பெனிக்காரர்கள் வரும் நாட்களில் அவளுடைய பேட்ச் முழுக்க இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையில் நிற்கும். அவள் ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் எப்படி இரண்டாம் வகுப்பானாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் செமஸ்டரில் மஞ்சள் காமாலை வந்து இரண்டு தாள் எழுதவில்லை. அது ஒரு காரணம். பெரிய காரணம், அவளுக்கு விஷயம் தெரியும் என்பதுதான். தெரிந்தவள் ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவளிடம் கேட்டுக்கொண்டவர்கள் அதையே ஆறு பக்கம் எழுதி, மிக்சியும் வரைந்து, முதல் வகுப்பு வாங்கிவிட்டார்கள்.

"எப்போ சார் சொல்லணும்?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. பட்டமளிப்பு வரைக்கும் வேணும்னா வாபஸ் வாங்கலாம். வாங்கினா வாங்கினதுதான், திரும்ப வைக்க முடியாது." குரலைத் தாழ்த்தினார். "என்னையக் கேட்டா வச்சிரும்மா. இந்தக் காலேஜுல இருந்து ஒரு சொந்தம்கூட இதுவரைக்கும் வரல. நோட்டீஸ்ல போட்டுக்கலாம்."

செய்தி அவளுக்கு முன்னால் மெஸ்ஸுக்குப் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் அவள் தட்டோடு உள்ளே நுழைந்தபோது பேட்ச் முழுக்க அங்கே இருந்தது. ஒருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

சுடலைமணிதான் முதலில் பேசினான். பேட்ச்சின் முதல் மாணவன், ஏரல்காரன். சென்னைக் கம்பெனி ஒன்று அவனுக்கு ஏற்கெனவே வேலைக் கடிதம் கொடுத்திருந்தது. சம்பளம் கடைசியாக வரும் வகுப்பைப் பொறுத்தது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை இதுவரை அவன் பொருட்படுத்தியதில்லை.

"நீ விரல் வைக்கப் போறியா?"

"யோசிக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீ சொல்லிக்கொடுத்த, சரி. உக்காந்து படிச்சது யாரு? எழுதினது யாரு? என் கை வலிச்சுதா, உன் கை வலிச்சுதா?"

"கை வலிக்கதுக்குச் சம்பளம்னா நீ கொத்தனார் வேலைக்குப் போயிருக்கலாமேலே."

யாரோ சிரித்தார்கள். சுடலைமணியின் முகம் இறுகியது. "ஊர் முழுக்கச் சொல்லியாச்சு செம்பகம். எங்க அம்மா கோயிலுக்குப் பொங்கல் வச்சாச்சு. இப்போ போய் 'இரவல்'னு சொன்னா, நான் என்னமோ திருடிட்டு வந்த மாதிரி..."

செண்பகவல்லிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. கோபமும் வந்தது, இரக்கத்தைவிடக் கூடுதலாக. நாலு வருஷமாக இந்த மேஜைமேல் ஏறி நின்று தொண்டை கட்டக் கத்தியிருக்கிறாள். வரிசையில் நின்று வேலை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் லட்டு கொடுத்தார்கள், அவளும் வாங்கித் தின்றாள். 'உனக்கு என்ன வழி?' என்று லட்டோடு சேர்த்து ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அறைத்தோழி ஜெபமலர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். பாடத்தில் அவள் மந்தம் என்று பேர். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் "இது எதுக்குட்டி?" என்று கேட்பாள், பதில் வராமல் அடுத்த வரிக்கு விடமாட்டாள்.

"நீ என்ன சொல்லுத?" என்று அவளிடம் கேட்டாள் செண்பகவல்லி.

"உன்னுது தானே. வையி" என்றாள் ஜெபமலர். "எனக்குப் பாதிச் சம்பளமே ஜாஸ்தி."

சாயங்காலம் செண்பகவல்லி கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். திரை கேட்டது: இந்தப் புரிதல் உங்களுடையதுதானா? அவள் தயங்கவில்லை. சொல்லிக்கொடுத்தது அவள், அதில் பொய் ஒன்றும் இல்லை. விரலை வைத்தாள்.

நாலாவது நாள் சென்னைக் கம்பெனி சுடலைமணியின் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இரவலை அவர்கள் எடுப்பதே இல்லையாம். அதன்பிறகு அவன் அவளோடு பேசவில்லை. அவனோடு சேர்ந்து இன்னும் பலர் பேசவில்லை. மெஸ்ஸில் அவள் உட்காரும் மேஜை காலியாகவே இருந்தது. ஜெபமலர் மட்டும் வழக்கம்போல அவளுடைய அப்பளத்தை எடுத்துத் தின்றாள்.

கல்லூரி வாசலில் மட்டும் செண்பகவல்லியின் பெரிய படம் தொங்கியது. முதல் வகுப்பு சொந்தம். கோமதிநாயகம் தினமும் காலையில் அதை ஒருதரம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

ஒரு மாதம் கழித்து, பட்டமளிப்புக்கு முன்பாக, அலைவாய் எனர்ஜி வந்தது. மன்னார் வளைகுடாவில் கடலுக்கு நடுவே காற்றாலைகள் நட்டு மின்சாரம் எடுக்கிற பெரிய நிறுவனம். அப்படிப்பட்டவர்கள் இந்தக் கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. வந்தவர் பெயர் வசுமதி, கட்டுப்பாட்டு அறைகளுக்கு ஆள் எடுப்பவர். கூட இரண்டு பேர், ஒரு வேன் நிறைய கணினிகள், எல்லோருக்கும் காலைச் சாப்பாட்டுப் பொட்டலம்.

செண்பகவல்லி இருந்த ஒரே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். தனக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வேறு யாருக்காக வருவார்கள்?

"ஒரே ஒரு டெஸ்ட்தான்" என்றார் வசுமதி. "கடல்ல நாலு காற்றாலை. அதுல மூணு நின்னுபோச்சு. ஏன்னு கண்டுபிடிக்கணும். இரவல் கேண்டிடேட்ஸ் எல்லாரும் இந்த ஹால்ல இருங்க. பேசிக்கலாம், எழுந்து நடக்கலாம், எது வேணாலும் பண்ணலாம். சொந்தம் யாரும்மா? நீங்களா? நீங்க பக்கத்து ரூம்ல தனியா பண்ணுங்க."

செண்பகவல்லி தெம்பாக எழுந்து போனாள். கணினியில் தன் வழியிலேயே ஆரம்பித்தாள், கடைசியிலிருந்து. மின்சாரம் வந்து சேர வேண்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பின்னால், கரையில் இருக்கும் துணைமின்நிலையம், கடலடிக் கேபிள், இணைப்புப் பெட்டி. எல்லாம் நன்றாக இருந்தன. நின்ற மூன்று ஆலைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிரேக் விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஏன் விழுந்தது? திரும்பவும் கடைசியிலிருந்து வந்தாள். திரும்பவும் அதே இடம்.

சுவருக்கு அந்தப் பக்கம் சந்தைக் கடை மாதிரி சத்தம் கேட்டது. நாற்காலி இழுக்கும் ஓசை, சுடலைமணியின் அதட்டல், நடுவில் ஜெபமலரின் குரல். என்ன கேட்கிறாள் என்று காதில் விழவில்லை. அவள் கேட்பதும், தான் சலித்துக்கொண்டே பதில் தேடுவதும், தேடும்போது புதிதாக ஒன்று தட்டுப்படுவதும் நாலு வருஷமாக நடந்து வந்தது. இந்த அறையில் கேட்க ஆளில்லை. தனக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு அமைதியாக எதிரில் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

சற்று நேரத்தில் பக்கத்து அறையில் பெரிய ஆரவாரம். கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவளைத் திரும்ப ஹாலுக்கு அழைத்தார்கள். பேட்ச் முழுக்க முகம் சிவந்து, தலை கலைந்து, திருவிழாவில் தேர் இழுத்து வந்தவர்கள் மாதிரி நின்றது. வசுமதி சந்தோஷத்தை வெளியே காட்டாமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தோரு பேரையும் எடுத்துக்கறோம்" என்றார். "ஆரம்பச் சம்பளம் விதிப்படி. இரவல் வகுப்புக்கு உள்ளது. செண்பகவல்லி, சாரிம்மா. சொந்தத்துக்கு இந்த வருஷம் எங்ககிட்ட இடம் இல்ல."

கோமதிநாயகத்தின் வாய் திறந்தபடி நின்றது. உட்கார்ந்துவிடலாமா என்று செண்பகவல்லி ஒரு கணம் பார்த்தாள். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"நான் கண்டுபிடிக்கல, இவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால என்னைய வேண்டாங்கீங்க. அது நியாயந்தான். அப்போ இவங்க என்னையவிட ஒசத்தி. ஒசத்தியா இருக்கவங்களுக்குப் பாதிச் சம்பளம் எதுக்கு?"

"வகுப்புக்குத் தகுந்த சம்பளம்மா. நாங்க விதியை மீறல."

"மீறலன்னு தெரியும். பழம் அழுகினதுன்னு சொல்லுத வியாபாரி, அதை அள்ளிட்டுப் போக வேன் எடுத்துட்டு இம்புட்டுத் தூரம் ஏன் வந்தாருன்னுதான் கேக்குதேன்."

வசுமதி அவளைத் திரும்பிப் பார்த்தார். கெட்டவர் அல்ல அவர். பொய் சொல்வதில் சுறுசுறுப்பும் போதாது.

"சரி, சொல்றேன்" என்றார். "ரெண்டு வருஷமா சொந்தம் மட்டுமே எடுத்தோம். ஒவ்வொருத்தரும் கெட்டிக்காரங்க. ஷிப்ட் மாறும்போது ஒருத்தர் கண்டுபிடிச்சதை அடுத்தவருக்குச் சொல்ல மாட்டாங்க. சொன்னாலும் அடுத்தவர் கேக்க மாட்டார், முதல்ல இருந்து தானே பார்ப்பார். போன புயல்ல ஆறு ஆலை போச்சு. ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்சிருந்தது, பக்கத்து சீட்டுக்குப் போகல. அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சது, எங்களுக்கு வேண்டியது வாங்கிக்கத் தெரிஞ்சவங்கன்னு."

"புரிஞ்ச பெறவும் பாதிச் சம்பளமா?"

"விதி அப்படி இருக்கும்போது நாங்களா வந்து ஏம்மா கூடக் கொடுக்கணும்?" என்றார் வசுமதி. அதில் வெட்கம் கொஞ்சம் இருந்தது, கணக்கும் இருந்தது. "வகுப்புங்கறது யார் கெட்டிக்காரர்னு சொல்றதுக்கு இல்ல. யாருக்கு எவ்வளவு கொடுத்தா போதும்னு சொல்றதுக்கு."

சுடலைமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களைப் பாதி விலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யாருடைய விரல் என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். செண்பகவல்லிக்கும் தெரியும். வாசலில் தொங்கும் படம் ஞாபகம் வந்தது. அதில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

"கோமதி சார்" என்றாள். "அந்தத் திரையக் கொண்டாங்க."

"எதுக்கும்மா?"

"வாபஸ் வாங்கணும்."

கோமதிநாயகம் பதறிப்போனார். "ஏம்மா, உனக்கு என்ன கிறுக்கா? இது இல்லன்னா இன்னொரு கம்பெனி வரும். சொந்தத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க ஆயிரம் பேரு இருக்காவ. வாபஸ் வாங்கினா நீ பழைய இரண்டாம் வகுப்பு, அரியர் வேற. வாசப்படி ஏற விடமாட்டானுவ."

"ஏறிக்கிடுவேன் சார். நீங்க கொண்டாங்க."

திரை வந்து சேர்ந்ததும் வசுமதி குறுக்கே வந்தார். அவருக்கு விஷயம் உடனே புரிந்திருந்தது. "நல்லா யோசிச்சுக்கோங்க. வாபஸ் வாங்கினா, நீங்க ஒருத்தருக்காவது எதையாவது சொல்லிக்கொடுத்தீங்கங்கறதுக்கு உலகத்துல எந்த ஆதாரமும் இருக்காது."

"ஆதாரம் எனக்கு எதுக்கு மேடம்? நாற்பத்தோரு பேரு நிக்காங்கல்லா."

விரலை வைத்தாள். திரையிலிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நடுப்புள்ளியும் அணைந்தது. ஊற்று தெரியவில்லை என்று மட்டும் எழுதியிருந்தது.

அவள் வசுமதியைப் பார்த்துத் திரும்பினாள். பயப்படுகிற ஆள் மாதிரி இல்லை அவள் நின்ற விதம். "இப்போ இவங்க எல்லாரும் முதல் வகுப்பு. இரவல் இல்ல. விதிப்படி முக்கால் சம்பளம். வேணும்னா எடுத்துக்கோங்க, வேண்டாம்னா வேனைத் திருப்புங்க. ஆனா நீங்க திருப்ப மாட்டீங்க. இப்படி ஒரு கூட்டம் உங்களுக்கு வேற எங்கேயும் கிடைக்காது. மத்த காலேஜுல எல்லாம் இப்போ காதைப் பொத்திக்கிட்டுல்லா படிக்காங்க."

வசுமதி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவரோடு வந்த இரண்டு பேரும் சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தார்கள். "முக்கால்" என்றார் வசுமதி. "ஒத்துக்கறேன். வேலைக்குச் சம்மதம்னு வரிசையா வந்து விரல் வைங்க."

முதலில் கூப்பிட்டது ஜெபமலரை. மேஜைக்கு முன்னால் போய் நின்றவள் விரலை நீட்டவில்லை.

"வேலையில ஒண்ணு புரியலன்னா யாருகிட்ட மேடம் கேக்கணும்?"

"பக்கத்துல இருக்கறவங்ககிட்ட கேளுங்க. உங்களுக்குத்தான் கேக்கத் தெரியுமே."

"பக்கத்துல அவ இருந்தாத்தான் நான் கேப்பேன். நீங்க எடுக்கதே நான் கேக்கதுக்குத்தானே?"

"ஜெபா, சும்மா இரிட்டி" என்றாள் செண்பகவல்லி. ஜெபமலர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசை நகரவில்லை. சுடலைமணியும் நின்றான், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. வசுமதி பேனாவை மேஜையில் தட்டினார். ஆலைகளின் விலையையும் ஒரு பெண்ணின் சம்பளத்தையும் அவர் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"இரண்டாம் வகுப்பை எஞ்சினியரா எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் கடைசியில். "உதவியாளர்னு எடுக்கலாம். இவங்க எல்லாரையும்விடக் கம்மி சம்பளம். சொந்தம்னு இருந்திருந்தா வேற இடத்துல வாங்கியிருக்கக்கூடியதுல மூணுல ஒரு பங்கு வரும். சரியா?"

செண்பகவல்லிக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. "கம்மிதான் மேடம்" என்றாள். "ஒரு வருசம் பாப்போம். அதுக்குள்ள நீங்களே வந்து கூட்டிக் கொடுப்பீங்க. இல்லன்னா நான் வந்து கேப்பேன். எனக்குக் கேக்கக் கூச்சம் கிடையாது."

"அது பார்த்தாலே தெரியுது" என்றார் வசுமதி.

வேன் கிளம்பிப்போன பிறகு கோமதிநாயகம் வாசலில் ஏணி வைத்து, தானே ஏறி, அந்தப் பெரிய படத்தை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. படத்துக்கு ஆன செலவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பேட்ச் கலைந்து மெஸ்ஸுக்குப் போனது. செண்பகவல்லி ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சுடலைமணி மட்டும் போகாமல் கதவருகே நின்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் பேசியது இதுதான்:

"நீ செஞ்சதை நான் மறக்க மாட்டேன், பாத்துக்கோ. சென்னை வேலை போனது போனதுதான்."

"தெரியும்லே" என்றாள் அவள். "அதுக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது. சொல்லாம இருக்கவும் முடியல. தப்புதான்."

அவன் போகத் திரும்பினான். அவள் கையிலிருந்த நாற்காலியை வைத்துவிட்டு, "சுடலை" என்று கூப்பிட்டாள். நாலு வருஷத்தில் அந்தப் பேட்ச்சில் யாரிடமும் அவள் கேட்டிராத ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"அந்த மூணு ஆலையும் எதுக்கு நின்னுச்சு? எனக்குப் புரியல. சொல்லிக்கொடேன்."

அவன் அவளை நம்பாமல் பார்த்தான். கேலி செய்கிறாளா என்று முகத்தில் தேடினான். கேலி இல்லை. பிறகு உள்ளே வந்து, அவள் அடுக்கியதிலிருந்தே ஒரு நாற்காலியை உருவிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"நாலாவது ஆலை ஓடிக்கிட்டு இருந்துச்சே, அதைத் தொறந்து பாத்தியா?"

"இல்ல. நின்னதை மட்டுந்தான் பாத்தேன்."

"அங்கதான் உனக்குத் தப்பு. மத்த மூணையும் நிறுத்துனதே அதுதான். உக்காரு, சொல்லுதேன்."

அவள் உட்கார்ந்தாள்.